மூன்று விலைப்புள்ளியும் ஒரு தட்டு ஏலக்காயும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கோவிந்தாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்றபோது முதலில் கண்ணில் பட்டவை தென்மலையிலிருந்து இறங்கிய அருவிகள். எண்ணினேன், ஐந்து. (பன்னிரண்டு வருடம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணும் வியாதி.) மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மலையின் உச்சி மேகத்துக்குள் இருந்ததால் அந்த ஐந்து வெள்ளைக் கோடுகளும் நேராக வானத்திலிருந்தே தொங்குவதுபோல் இருந்தன. சத்தம் அவ்வளவு தூரம் வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தேன். வாயை மூடியபோது வேன் வந்தது.

வேனிலிருந்து பதினான்கு பெண்கள் இறங்கினார்கள். வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை செய்பவர்கள். கேரளத்தில் கிளம்பி, கம்பம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, தேனி, பழநி, பொள்ளாச்சி என்று சுற்றி, மறுபடி கேரளத்துக்குள் நுழைந்திருந்தார்கள். யார் முகத்திலும் களைப்பு இல்லை. குழாயடியில் முகம் கழுவி, தலை வாரி, ஐந்தே நிமிடத்தில் பள்ளிக்கூடப் புகைப்படத்துக்கு நிற்பவர்களைப்போல் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

என் காலடியில் இரண்டு மூட்டைகள் இருந்தன. அவற்றில் ஒரு பெரிய விஷயம் வைத்திருப்பதாக எனக்கு நினைப்பு. அன்று மத்தியானத்துக்குள் இந்தப் பதினான்கு பேரையும், எங்கள் அமைப்பையும், என் மானத்தையும் அந்த மூட்டைகளால் கவிழ்க்கப் போகிறேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், ஆதாரம் கேட்டிருப்பேன்.

நடந்து எட்டு வருடம் ஆகிறது. பத்திரிகையை விட்டுவிட்டு ஓர் அமைப்பில் சேர்ந்திருந்தேன். உலக வர்த்தக ஒப்பந்தங்களால் ஏழைகளுக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகிறது என்று ஆராய்வதும், அதை அரசாங்கத்தின் காதில் போடுவதும் எங்கள் வேலை. பத்திரிகையில் அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவன், இங்கே உலகத்தையே திருத்தலாம் என்று வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அரசு மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. வெளிநாட்டு இறக்குமதி வந்தால் எல்லைப் பக்கத்து விவசாயிகளும் தொழிலாளர்களும் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்று நேரில் கேட்டு அறிக்கை தருவது அதன் பொறுப்பு. எங்கள் பகுதிக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அதைத் தவறவிட்டால் மறுநாள் கிடையாது.

மாரீஸ்வரியை அதற்கு ஒரு மாதம் முன்பு தோட்டத்தில் சந்தித்தேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். ஆனால் காய் மேலே காய்க்காது. தூரடியில், தரையோடு படர்ந்து கிடக்கும் சரங்களில்தான் காய்க்கும். (இது எனக்கு அன்றுதான் தெரியும். அதுவரை மாங்காய் மாதிரி தொங்கும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் ஏலக்காய் வர்த்தகம் பற்றி ஆறு கட்டுரை எழுதியிருந்தேன்.) பெண்கள் ஒவ்வொரு தூருக்கும் முன்னால் குந்தி உட்கார்ந்து, தழைக்குள் கையை விட்டு, பார்க்காமலே விளைந்த காயை மட்டும் கிள்ளி எடுத்தார்கள். பிஞ்சு ஒன்றுகூட உதிரவில்லை. நானும் ஒரு தூரில் முயன்றேன். ஐந்து காய் பறித்தேன். மாரீஸ்வரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அஞ்சும் பிஞ்சுண்ணே. நீங்க பேனாவையே பிடிங்க" என்றார்.

அவர்களுடைய கோரிக்கை ஒரே வாக்கியம். "மருந்தடிச்ச மறுநா எங்கள காயெடுக்க எறக்கக் கூடாது. மூணு நாளாச்சும் விடணும். அம்புட்டுத்தான்."

மருந்து அடித்த தூரில் மறுநாளே உட்கார்ந்து பறித்ததில் அவருடைய கைத்தோல் உரிந்திருந்தது. கூட வேலை பார்த்த இருவர் தோட்டத்திலேயே மயங்கி விழுந்திருந்தார்கள். இதைக் குழு முன்னால் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"சொல்றேன். சொல்லி ஏதாச்சும் நடந்தாப் பரவால்ல. ஒண்ணும் நடக்கலேன்னா மறுநா என்னைய ஜீப்புல ஏத்த மாட்டாகண்ணே. வேல போச்சு. அத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். அதனால்தான் அவருடைய ஒரு வாக்கியத்தை வலுப்படுத்தப் பதினொரு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். அதுவும் போதாது என்று தோன்றியது. குழுவின் மனதைத் தொட ஏதாவது வேண்டும். அங்கேதான் மூட்டை வந்தது.

திட்டம் இதுதான். இருநூறு சின்னத் துணிப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி ஏலக்காய். மேலே ஒரு சீட்டு: "முகர்ந்து பாருங்கள். இது வண்டன்மேட்டுப் பெண்களின் வியர்வை." குழுவினர், விவசாயிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லோர் கையிலும் ஒரு பை. நான் மேடையிலிருந்து சொன்னதும் மண்டபமே ஒரே நேரத்தில் முகர வேண்டும்.

சீட்டை என் மனைவி விசாலத்திடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "ஏன்னா, வேர்வையை யாராவது மோந்து பார்ப்பாளோ? நாலு பேர் மூக்கைப் பொத்திண்டு ஓடப் போறா" என்றாள். (கல்பாத்தியில் பிறந்தவர்களுக்கு இலக்கிய உணர்வு குறைவு என்று அன்று முடிவு செய்தேன். நானும் கல்பாத்திதான்.)

ஏலக்காய் வாங்க வேண்டும். எங்கள் அமைப்பில் ஒரு விதி இருந்தது. பணம் தரும் வெளிநாட்டு அறக்கட்டளை போட்ட விதி. குண்டூசி வாங்கினாலும் மூன்று இடத்தில் விலைப்புள்ளி, அதாவது கொட்டேஷன், வாங்க வேண்டும். மூன்றில் எது குறைவோ அங்கேதான் வாங்க வேண்டும். மற்ற இரண்டை ஏன் ஒதுக்கினோம் என்று கோப்பில் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் விதியை மதிப்பவன். மூன்று இடத்தில் கேட்டேன். வண்டன்மேட்டிலேயே சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று. பொள்ளாச்சியில் ஒரு வியாபாரி. பாலக்காட்டுக் கடைத்தெருவில் ஒரு மொத்தக்கடை. பாலக்காட்டுக் கடை மற்ற இரண்டையும்விட மிகவும் குறைவு. வாங்கினேன். எந்தக் கடையில் வாங்கினாலும் அது வண்டன்மேட்டுக் காயாகத்தான் இருக்கும் என்று நினைப்பு. கோப்பில் குறிப்பு எழுதினேன். அமைப்புக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த சந்தோஷத்தில் அடியில் ஒரு கோடும் போட்டேன்.

பைகளில் போட்டுக் கட்டியபோது வாசனை அவ்வளவாக வரவில்லை. எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டேன்.

மண்டபத்தை இலவசமாக ஏற்பாடு செய்திருந்தவர் பொன்னுச்சாமி அண்ணன். மீனாட்சிபுரத்துக்காரர். பத்து மாடு, தென்னந்தோப்பு, பால் சங்கத்தில் பொறுப்பு. வெளிநாட்டுப் பால்பவுடர் வந்தால் எங்கள் மாடு எங்கே போகும் என்பது அவருடைய கட்சி. முந்தின நாள் அங்கே ஒரு கல்யாணம் நடந்திருந்தது. மேடையில் தெர்மோகோலில் வெட்டிய இதயமும் அதற்குள் பெண், மாப்பிள்ளை பெயர்களும் இன்னும் இருந்தன. சிவப்பு வெல்வெட் சோபாவும் அப்படியே இருந்தது.

"ஏனுங்க சார், அந்த சோபாவுலயே குழுத் தலைவரம்மாவ உக்கார வெச்சுப் போடலாங்களா? மேடை நாற்காலியெல்லாம் பந்தல்காரன் எடுத்துட்டுப் போயிட்டானுங்க" என்றார்.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பெண் அதிகாரி. திருவனந்தபுரத்துக்காரர். சிரிக்க மாட்டார் என்று பெயரெடுத்தவர். அவர் சோபாவைப் பார்த்தார், தெர்மோகோல் இதயத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். அவருக்கு இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் வர்த்தகத் துறையைச் சேர்ந்தவர். தங்க ஃப்ரேம் கண்ணாடி. மற்றவர் கடைசிவரை குறிப்பெடுத்துக்கொண்டே இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

பத்தரைக்குத் தொடங்கியது. முதலில் பால்காரர்கள். பொன்னுச்சாமி அண்ணன் நாலே நிமிடத்தில் பேசிவிட்டு உட்கார்ந்தார். "எங்கூர்ல காலைல அஞ்சு மணிக்கு மாடு கத்துமுங்க. கப்பல்ல வர்ற பவுடர் கத்தாதுங்க. அதுக்குத் தீவனம் போட வேண்டாம், சாணி அள்ள வேண்டாம். அதுகூட நாங்க எப்படிங்க போட்டி போடறது?" கைதட்டல். அடுத்து நான்.

பைகளை விநியோகித்தாயிற்று. பெண்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள், அவர்களுக்கும் கொடுத்தாயிற்று. நான் மைக்கைப் பிடித்தேன். பதினைந்து நிமிடம் பேசினேன் என்று பொன்னுச்சாமி அண்ணன் பிறகு சொன்னார். தன் கைக்கடிகாரத்தில் பார்த்ததாக. உலகச் சந்தை என்றேன். சமத்துவமின்மை என்றேன். மலிவு என்ற மாயை என்றேன். "குறைந்த விலையைத் துரத்தி ஓடும் ஒவ்வொருவரும் இந்தப் பெண்களின் கையிலிருந்து பிடுங்குகிறோம்" என்றேன். (பதிவு இருக்கிறது. கேட்டிருக்கிறேன். ஒரு தடவைதான் கேட்க முடிந்தது.) பிறகு கையை உயர்த்தி, "இப்போது பையைத் திறங்கள். முகருங்கள்!" என்றேன்.

இருநூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. தலைவர் அம்மாவும் இழுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

கடைசி வரிசையில் ஏதோ முணுமுணுப்பு. கண்ணைத் திறந்தபோது மாரீஸ்வரி எழுந்து நின்றிருந்தார். உள்ளங்கையில் நாலு காய்.

"அண்ணே, இது நம்ம காய் இல்லண்ணே."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மைக்கிலேயே பதில் சொன்னேன். "இல்லம்மா, இது உங்க காய்தான். நல்லாப் பாருங்க."

இருபது வருடமாகக் காய் பறித்து, காயவைத்து, தரம் பிரிக்கும் பெண்ணிடம், ஐந்து பிஞ்சு பறித்தவன் சொன்னது அது. மண்டபம் திரும்பிப் பார்த்தது. மாரீஸ்வரி கோபப்படவில்லை. நடந்து மேடைக்கு வந்தார். சோபாவுக்கு முன்னால் இருந்த சின்ன மேஜையில், கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைத்திருந்த எவர்சில்வர் தட்டு ஒன்று கிடந்தது. பையை அதில் கொட்டினார். தலைவர் அம்மாவின் பையையும் கேட்டு வாங்கிக் கொட்டினார்.

"காம்பப் பாருங்கம்மா. காய வைக்கிற எங்க ஸ்டோர்ல காய் வெந்து காஞ்சு வரும்போது சூட்டோட சூடா தேச்சு எடுப்போம். காம்பும் முனையும் உதுந்துரும். இதுல பாதிக்கு அப்பிடியே நிக்குது. வாசமும் கடிச்சாத்தான் வருது. எங்க காய், பையத் தொறந்தாப் போதும்."

தலைவர் அம்மா ஒரு காயைக் கடித்தார். மென்றார். என்னைப் பார்த்தார்.

"இது எங்கே நின்னு வாங்கிச்சு?"

பாலக்காட்டில் என்றேன். கடைக்காரருக்குப் போன் பண்ணச் சொன்னார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை.

"சார், அது கப்பல்ல வந்த காய் சார். குவாத்தமாலா. நீங்கதானே ரேட்டுதான் முக்கியம், ரேட்டுதான் முக்கியம்னு சொன்னீங்க? ஏன் சார், இன்னும் ஒரு மூட்டை வேணுமா?"

மைக் பக்கத்தில் இருந்தது. கடைசி வாக்கியம் மண்டபத்தின் நாலு மூலையிலும் எதிரொலித்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றும் உட்கார்ந்தபடி நினைக்க முடியாது. எழுந்து கொஞ்சம் நடக்க வேண்டும். தங்க ஃப்ரேம்காரர் முன்னால் சாய்ந்தார். "வண்டன்மேட்டில் கிடைக்கவில்லையா? கேட்டுப் பார்த்தீர்களா?" என்றார் சுத்தமான தமிழில்.

"கேட்டோம்" என்றேன்.

"அப்புறம்?"

தலைவர் அம்மா கையை நீட்டினார். "பர்ச்சேஸ் ஃபயல் கையில் உண்டோ?"

கோப்பு என் தோள்பையில் இருந்தது. அலுவலகத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு விநாடி அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. பன்னிரண்டு வருடம் அடுத்தவர்களுடைய கோப்புகளைக் காட்டச் சொல்லித் தலையங்கம் எழுதியவன். எடுத்தேன்.

"வாயிக்கூ" என்றார். படி என்று அர்த்தம். மூன்று கொட்டேஷன் விதியிலிருந்து தொடங்கிப் படித்தேன்.

"வண்டன்மேடு சிறு விவசாயிகள் சங்கம். தரம் நன்று. விலை மிக அதிகம். நமக்குக் கட்டுப்படியாகாது. நிராகரிக்கப்பட்டது." என் கையெழுத்து. அடியில் கோடு. கோடு போட்டதைச் சொல்லவில்லை. தலைவர் அம்மாவே எட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு சிரிப்புகூட இல்லை. இருந்திருந்தால் தேவலை. கடைசி வரிசையில் பதிமூன்று பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கத்தில் அவர்களில் சிலருடைய அண்ணன் தம்பிகள் இருந்தார்கள் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பொன்னுச்சாமி அண்ணன் மட்டும் முன் வரிசையிலிருந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாக, "இப்படிப் பண்ணிப்போட்டீங்களே சாமி" என்றார்.

தங்க ஃப்ரேம்காரர் தன் கோப்பை மூடினார். "மேடம், உள்ளூர்க் காய் எது, வெளிநாட்டுக் காய் எது என்றே தெரியாத அமைப்பு இது. இவர்கள் கொண்டுவந்த சாட்சியங்களைப் பதிவில் சேர்ப்பது சரியா என்று யோசிக்க வேண்டும். இவர்களை நீக்கிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம்."

நீக்குவது என்றால் என் பதினொரு பக்கத்தை மட்டும் நீக்குவதில்லை. மாரீஸ்வரி இன்னும் தன் வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. சொல்லாமலே திரும்பிப் போனாலும் அவர் இங்கே வந்தது தோட்டத்துக்குத் தெரிந்துவிடும். மறுநாள் ஜீப்பில் இடம் இருக்காது. நான் மைக்கைப் பிடித்து, "தப்பு என்னுடையது, அவர்களைப் பேச விடுங்கள்" என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதில் கோப்பை மூடித் தோள்பைக்குள் வைத்தேன்.

மாரீஸ்வரி தட்டின் அருகிலேயே நின்றிருந்தார். திடீரென்று பேசத் தொடங்கினார். மைக் இல்லாமல்.

"இந்த அண்ணன் மேல தப்பில்லம்மா. அவரு ஆபீசுல வெல கொறஞ்சத வாங்குன்னு சொல்லியிருக்கு. வாங்கிட்டாரு. எங்க மொதலாளியும் அதத்தான் சொல்றாரு. கப்பல்ல கொறஞ்ச வெலைக்குக் காய் வருது, நான் எப்பிடி மூணு நாளு காயெடுப்ப நிப்பாட்ட முடியும்கிறாரு. கடைக்காரருக்கும் கொறையணும், மொதலாளிக்கும் கொறையணும், எங்களுக்காகப் பேச வந்த அண்ணனுக்கும் கொறையணும். எல்லாருக்கும் கொறையிறது எங்ககிட்ட இருந்துதானம்மா கொறையுது?"

என் பதினொரு பக்கமும் அதுதான். ஏழாம் பக்கத்தில் ஒரு வரைபடம்கூட இருந்தது.

"எங்க காயில மருந்து இருக்குன்னு வெளிநாட்டுல திருப்பி அனுப்புறாகளாம். ஒரு பிடி காய மிஷினுல வச்சா எம்புட்டு மருந்துன்னு சொல்லிருமாம். நல்லதும்மா, சோதிக்கட்டும். அந்தக் காயப் பறிச்ச கைய எந்த மிஷினுல வச்சாக? மருந்து தூருக்குத்தான் அடிக்கிறாக. நாங்க உக்காருறதும் அதே தூருலதான். மருந்தடிச்சா மூணு நாளு கழிச்சு எறக்குங்க. காயிக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. நான் வேற ஒண்ணும் கேக்க வரல."

அப்போதுதான் நான் தட்டைப் பார்த்தேன். எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவருடைய கைகள் வேலை செய்திருந்தன. கொட்டிய காய் அத்தனையும் நாலு குவியலாகப் பிரிந்திருந்தது. பெரிய காய் ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், வெடித்தது தனியாக, பூச்சி கடித்துச் சொறி விழுந்தது தனியாக. அவர் ஒரு தடவையும் குனியவில்லை. கண் தலைவர் அம்மாவின் முகத்தில்தான் இருந்தது. தோல் உரிந்த விரல்கள் தடவிப் பார்த்தே முடித்துவிட்டன. காலையில் மலையைப் பார்த்து நின்றதுபோல் நின்றேன். இந்தத் தடவை இருநூறு பேர் என்னுடன் நின்றார்கள்.

தலைவர் அம்மா கேட்டார்: "நீங்கள் சம்சாரிக்கும்போதே, பேசும்போதே, இது செய்ததா?"

மாரீஸ்வரி குனிந்து பார்த்தார். அவருக்கே ஆச்சரியம். வெட்கத்துடன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தெரியலம்மா. பயத்துல கை பாட்டுக்குச் செஞ்சிருச்சு."

தலைவர் அம்மா குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உறுப்பினர் பக்கம் திரும்பினார். "இவர் சொன்னது அப்படியே எழுதணும். ஒரு வாக்கு மாத்தண்டா." பிறகு தட்டைக் காட்டினார். "இதும் ரெக்கார்டில் சேர்க்கணும். ஏலக்காயோடு." பிறகு என்னைப் பார்த்தார். "அந்த ஃபயலும்."

தங்க ஃப்ரேம்காரர் தன் கோப்பை மறுபடி திறந்தார்.

தட்டு மண்டபத்துக்குச் சொந்தம். அதை அரசுப் பதிவில் சேர்த்துவிட்டதால் மேனேஜர் வந்து சண்டை போட்டார். பொன்னுச்சாமி அண்ணன் வேறு தட்டு வாங்கித் தருவதாகச் சொல்லிச் சமாளித்தார். "இந்தத் தடவ நானே வாங்கிப்போடறேனுங்க சார். நீங்க போனா குவாத்தமாலாவுல இருந்து தட்டு கொண்டாந்துருவீங்க."

சாப்பாட்டுப் பந்தியில் மாரீஸ்வரிக்கு எதிரில் உட்கார நேர்ந்தது. மன்னிப்புக் கேட்கப் பொருத்தமான வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பாயசம் வந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். பதினான்கு பேரும் இலையில் குனிந்து சிரித்தார்கள்.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணே. இதுல போட்டது நம்ம காய். சமையக்காரரு கொட்டேசன் கேக்கல போல."

எல்லோரும் விட்டுவிட்டுப் போன பைகளைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் மறுத்துவிட்டார். நூற்றுச் சொச்சம் பைகள் எங்கள் வீட்டுப் பரணுக்குப் போயின. இரண்டு வருடம் எங்கள் வீட்டு நவராத்திரிப் பாயசமும் சங்கராந்திச் சர்க்கரைப் பொங்கலும் வெளிநாட்டுச் சரக்கில்தான் நடந்தன. விசாலம் ஒவ்வொரு தடவையும் டம்ளரை நீட்டும்போது, "மோந்து பாருங்கோ, வேர்வை" என்பாள். அறக்கட்டளையின் தணிக்கையாளர் அந்த வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஏலக்காய் கொள்முதல் விதிமுறைகளுக்கு முற்றிலும் உட்பட்டு நடந்திருக்கிறது என்று பாராட்டி எழுதியிருந்தார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

போன வருடம் எங்கள் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். முதல் ஜாதகம் வந்த அன்றே அவள் கேட்டாள்: "அப்பா, இன்னும் ரெண்டு கொட்டேஷன் வரணுமே? கொறைச்சலாக் கேக்கறவாளைத்தான் எடுப்பேளா?" பொன்னுச்சாமி அண்ணனின் வீட்டிலும் இது வழக்கத்துக்கு வந்துவிட்டதாகக் கேள்வி. மாடு வாங்கப் போனால், "சாரக் கூட்டிட்டுப் போயிராதீங்க" என்கிறார்களாம்.

மாரீஸ்வரி ஊர் திரும்பிய மறுநாள் திங்கட்கிழமை. காலையில் வந்த ஜீப்பில் அவரை ஏற்றிக்கொள்ளவில்லை. மற்ற பதிமூன்று பேரும் ஏற மறுத்தார்கள். செவ்வாயும் புதனும் ஜீப் காலியாகவே திரும்பிப் போனது. காய் முற்றி வெடிக்கும் பருவம். வியாழக்கிழமை காலை ஜீப் வந்து பதினான்கு பேரையும் ஏற்றிக்கொண்டது. இதை அவர் எனக்குப் போனில் சொன்னபோது நான் எழுந்து நின்று கேட்டேன். எதற்கு எழுந்தேன் என்று விசாலம் கேட்டாள்.

மறு வருடம் குழுவின் அறிக்கை வந்தது. மாரீஸ்வரி பேசியது ஒரு வார்த்தை மாறாமல் அச்சாகியிருந்தது. மருந்தடித்த தோட்டத்தில் மூன்று நாள் ஆள் இறக்கக் கூடாது என்பது பரிந்துரைகளில் ஒன்று. என் பதினொரு பக்க மனு, இணைப்புகளின் பட்டியலில் ஒரு வரியாக இருந்தது. பரிந்துரை அரசின் பரிசீலனையில் இருப்பதாகப் போன மாதமும் பதில் வந்தது.

மூன்று நாள் ஜீப் காலியாகத் திரும்பிய மாரீஸ்வரியின் தோட்டத்தில் மட்டும் இப்போது மருந்தடித்தால் மூன்று நாள் கழித்துத்தான் ஆள் இறக்குகிறார்கள். அடுத்த தோட்டத்தில் மறுநாளே இறக்குகிறார்கள்.